பாட்டின் பெயரும் பாட்டின் இடமும்

1869இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்துக்கு ஓர் அவதூறு வழக்கு வந்தது. சிதம்பரம் கோயிலில் கூடிய கூட்டமொன்றில் பேசப்பட்ட கடுஞ்சொற்கள் அதற்கு வெளிக் காரணம். உள்ளே இருந்த காரணம் ஒரே ஒரு சொல்: அருட்பா. வள்ளலார் என்று வழங்கும் வடலூர் இராமலிங்க அடிகளின் பாடல்களைத் தொழுவூர் வேலாயுத முதலியார் 1867இல் 'திருவருட்பா' என்ற பெயரில் அச்சிட்டுத் திருமுறைகளாகவும் வகுத்திருந்தார். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் அதை ஏற்கவில்லை. தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் ஆகிய ஐந்துக்கே உரிய பெயரை, உயிரோடிருக்கும் ஒருவரின் பாடல்களுக்குச் சூட்டலாகாது என்பது அவர் கட்சி. அந்தத் தரப்பிலிருந்து 'போலியருட்பா மறுப்பு' வெளிவந்தது. அருட்பாவா மருட்பாவா என்ற சண்டை அடிகளும் நாவலரும் மறைந்த பிறகும் ஓயவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கதிரைவேற் பிள்ளை ஒரு பக்கமும் மறைமலையடிகளும் செய்குத்தம்பிப் பாவலரும் மறுபக்கமுமாக மேடைகளில் அது தொடர்ந்தது.

இதைச் சமயச் சண்டை என்று படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கு இது இசை வகையைப் பற்றிய சண்டையாகவும் படுகிறது. நாவலர் தரப்பு பாட்டின் சொல்லையும் யாப்பையும் குறை சொன்னது உண்மைதான். ஆனால் நெருப்பு பற்றிய இடம் பெயர். 'அருட்பா' என்று பெயர் வைத்துவிட்டால் அந்தப் பாட்டு கோயிலில் ஓதப்படும். பூசையில் அதற்கு ஓர் இடம் கேட்கப்படும். பாடியவர் நாயன்மார் வரிசையில் வைக்கப்படுவார். வகைப்பெயர் என்பது பாட்டின் குணத்தைச் சொல்வதைவிட, அந்தப் பாட்டு எங்கே நிற்கலாம், யார் வாயில் வரலாம் என்பதையே அதிகம் சொல்கிறது. கடலூரையும் சிதம்பரத்தையும் சுற்றி ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளாகப் பிறந்த பாட்டுகளை அடுக்கிப் பார்க்கும்போது எனக்குக் கிடைப்பது இதுதான்.

இசை ஆய்வாளர்கள் இதை வேறு வழியில் வந்தடைந்திருக்கிறார்கள். இத்தாலியரான ஃபிராங்கோ ஃபாப்ரி 1980களின் தொடக்கத்தில், இசை வகை என்பது சமூகம் ஒப்புக்கொண்ட விதிகளால் நடத்தப்படும் இசை நிகழ்வுகளின் தொகுதி என்று வரையறுத்தார். அந்த விதிகளில் சுரமும் தாளமும் ஒரு பகுதிதான். பாடகர் என்ன உடுத்துகிறார், கேட்பவர் எழுந்து ஆடுகிறாரா கைகட்டி உட்காருகிறாரா, காசு யாருக்குப் போகிறது என்பதெல்லாம் விதிக்குள் அடக்கம். நம் ஊர்த் திருவிழாவில் மைக்செட் போடுபவருக்கு இந்த வரையறையைச் சொல்லித்தரத் தேவையில்லை. விடியற்காலையில் சாமிப் பாட்டு, சாமி புறப்படும்போது எல்.ஆர். ஈஸ்வரி, இரவு ஊர்வலத்துக்குக் குத்துப் பாட்டு என்று அவர் கை தானாகப் போகும். மெலடி, சோகப் பாட்டு, தத்துவப் பாட்டு, இடைக்காலப் பாட்டு என்று மக்கள் வைத்திருக்கும் பெயர்களில் ராகத்தைச் சொல்வது ஒன்றுகூட இல்லை. எப்போது, எதற்கு, யாரோடு என்பதைத்தான் அவை சொல்கின்றன.

இசையின் ஒலியைக் கொண்டே வகுத்த முறையும் இங்கே இருந்தது. தேவாரத்தின் பண்கள் அப்படிப்பட்டவை. சிதம்பரம் கொற்றவன்குடியில் வாழ்ந்த உமாபதி சிவம் பாடியதாகச் சொல்லப்படும் திருமுறைகண்ட புராணம், தில்லைக் கோயிலில் செல்லரித்துக் கிடந்த ஏடுகளை இராசராச சோழனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டதைச் சொல்கிறது. ஏடு கிடைத்தது, பாடும் முறை கிடைக்கவில்லை. அதற்குப் பண் வகுத்துத் தந்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண். அவர் ஊர் எருக்கத்தம்புலியூர். இன்றைக்கு விருத்தாசலத்துக்கு அருகில் இராசேந்திரப்பட்டினம் என்று வழங்குவது. தமிழில் ஒரு பெரும் பாடல் தொகுதியை இசை வகைப்படி பிரித்த கை பாணர் குலத்துப் பெண்ணின் கை என்று புராணமே ஒப்புக்கொள்கிறது. பெயரைத்தான் அது சொல்லவில்லை.

அப்படி வகுத்த தொகுதியிலும் ஒரே அளவுகோல் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பண்ருட்டிப் பக்கத்துத் திருவாமூரில் பிறந்து, திருப்பாதிரிப்புலியூரில் கரையேறியதாகச் சொல்லப்படும் அப்பரின் பாடல்களில் நான்காம் திருமுறையின் முற்பகுதி மட்டுமே பண்களின் கீழ் வருகிறது. மற்றவை நேரிசை, விருத்தம், குறுந்தொகை, தாண்டகம் என்று யாப்பின் பெயரால் நிற்கின்றன. பிற்காலத்தில் ஊர்வாரியாகப் பிரித்த தலமுறைப் பதிப்புகளும் வந்தன. பாடுகிறவருக்குப் பண்முறை, யாத்திரை போகிறவருக்குத் தலமுறை. ஒரே பாட்டு, இரண்டு வரிசை. யார் எடுத்துக்கொள்கிறார்களோ அவர்கள் தேவைக்கு ஏற்ப.

மாணிக்கவாசகர் செய்தது இதைவிடத் துணிச்சலான வேலை. பொற்சுண்ணம், கோத்தும்பி, தெள்ளேணம், சாழல், பூவல்லி, உந்தி, தோணோக்கம், பொன்னூசல் என்று தில்லையில் பாடியவையாகத் திருவாசகம் சொல்லும் பகுதிகளின் பெயர்களைப் பாருங்கள். எல்லாம் பெண்கள் இடிக்கும்போதும் பறிக்கும்போதும் ஆடும்போதும் பாடிய பாட்டு வகைகள். உலக்கை பிடித்த கையின் பாட்டு நடராசர் சந்நிதிக்குள் போனது அப்படித்தான். இதையே ஆயிரம் ஆண்டு கழித்து வள்ளலாரும் செய்தார். அருட்பாவில் கொம்மி இருக்கிறது, பந்தாடல் இருக்கிறது, கண்ணி இருக்கிறது, நாமாவளி இருக்கிறது. பழைய முன்மாதிரி இவ்வளவு தெளிவாக இருந்தும் 1869இல் சண்டை மூண்டது என்றால், ஒருமுறை உள்ளே போன பாட்டு கதவைச் சாத்திக்கொள்கிறது என்றுதான் பொருள்.

கதவைச் சாத்தும் வேலையை நூல்கள் வெளிப்படையாகவே செய்தன. சிலப்பதிகாரம் வேத்தியல், பொதுவியல் என்று கூத்தை இரண்டாகச் சொல்லும். ஒன்று அரசருக்கு, மற்றது எல்லாருக்கும். பின்னால் வந்த பாட்டியல்கள் இன்னும் கறாரானவை. இந்த ஊர்ப் பெயரையே தாங்கிய சிதம்பரப் பாட்டியல் என்ற நூலும் உண்டு. வெண்பா அந்தணர்க்கு, ஆசிரியம் அரசர்க்கு, கலி வணிகர்க்கு, வஞ்சி வேளாளர்க்கு என்று பாட்டியல் மரபு பாவுக்கே சாதி வைத்தது. கலம்பகம் பாடினால் தேவர்க்கு 100 பாட்டு, அந்தணர்க்கு 95, அரசர்க்கு 90, அமைச்சர்க்கு 70, வணிகர்க்கு 50, வேளாளர்க்கு 30. எண்ணிக்கை வரைக்கும் படிவரிசை. இசை வகை என்பது வெறும் ரசனை, அதில் அதிகாரம் எங்கே வந்தது என்று கேட்பவர்கள் இந்த எண்களை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கட்டும்.

அந்தக் கட்டுக்கு எதிரே வந்து நின்றது கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. கதை நடக்கும் இடம் சிதம்பரம். கதையே 'உள்ளே போகலாமா' என்பது. அந்தக் கதையைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்டது கீர்த்தனை, விருத்தம், நொண்டிச்சிந்து, தண்டகம் எல்லாம் கலந்த கதாகாலட்சேப நடை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சிறப்புப் பாயிரம் கேட்டு அலைந்த செய்தியை உ.வே.சாமிநாதையர் எழுதியிருக்கிறார். நூலில் இலக்கண வழுக்கள் இருந்தன, பெரியபுராணத்துக் கதையும் மாற்றப்பட்டிருந்தது. பிள்ளைக்கு மனம் வரவில்லை. பாரதியார் பல நாள் நடந்தார். கடைசியில் திண்ணையில் உட்கார்ந்து தாமே பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டுத்தான் பிள்ளை உருகினார், பாயிரம் கொடுத்தார். ஏட்டில் பார்த்தபோது தேறாத நூல் காதில் விழுந்தபோது தேறியது. புலவரின் அளவுகோல் யாப்பு நூலுக்கானது, வந்ததோ பாட்டு. வகை தெரியாமல் அளந்தால் என்ன தவறு நேரும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. பிள்ளையின் பெருமை, அளவுகோலை மாற்றிக்கொள்ளத் துணிந்ததில் இருக்கிறது.

நந்தன் அதன்பிறகு எங்கெல்லாம் போனான்! 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். அதே படத்தில் வேதியராகக் கச்சேரி மேடையின் மகாராஜபுரம் விசுவநாதையர். நாடக மேடைக் குரலும் சபா மேடைக் குரலும் ஒரு கதைக்குள் எதிரெதிரே நின்றன. 1942இல் ஜெமினியின் நந்தனாராக எம்.எம். தண்டபாணி தேசிகர் வந்தார். ஓதுவார் மரபில் பிறந்து, திரையில் நாயகனாகி, பிறகு சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத்துறைக்கே தலைவரானவர். தேவாரம், சினிமா, பல்கலைக்கழகம் என்று நாம் தனித்தனி அலமாரியில் வைக்கும் மூன்றும் அவருக்கு ஒரே தொண்டைதான்.

அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் 1941இல் தமிழிசை மாநாடு கூடியது. அதைத் தெலுங்குக்கும் தமிழுக்கும் நடந்த மொழிப் போராகவே பலர் எழுதிவிட்டார்கள். கச்சேரியின் அமைப்பைப் பார்த்தால் பிரச்சினை வேறு விதமாகத் தெரியும். அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்திய கச்சேரி முறையில் வர்ணம், கிருதிகள், ராகம் தானம் பல்லவி எல்லாம் முடிந்து, தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து போனவர்கள் திரும்பி வரும் நேரத்தில் பதமும் திருப்புகழும் காவடிச்சிந்தும் வரும். அந்தப் பகுதிக்குப் பெயர் துக்கடா. தமிழ்ப் பாட்டு முழுக்க விலக்கப்பட்டதில்லை, துக்கடாவாக வைக்கப்பட்டது. சீர்காழி முத்துத்தாண்டவரும் தில்லைவிடங்கன் மாரிமுத்தாப் பிள்ளையும் நடராசர்மேல் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பில் பாடியது திருவாரூர் மும்மூர்த்திகளுக்கு முன்பே. அவர்களுடைய பாட்டும் கச்சேரியின் கடைசிக் கால் மணிக்கு ஒதுக்கப்பட்டது. அண்ணாமலைச் செட்டியாரும் கல்கியும் டி.கே.சி.யும் ராஜாஜியும் கேட்டது நடு மேடையில் இடம். சென்னை மியூசிக் அகாடமியோ, மொழியைக் காரணமாக்கிக் கர்நாடக இசையின் தரத்தைக் குறைக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. 1943இல் தமிழ் இசைச் சங்கம் தனியாகப் பிறந்தது. என் கணிப்பில் தமிழிசை இயக்கத்தின் பெரிய வெற்றி சாகித்தியத்தை மாற்றியதில் இல்லை. 'துக்கடா' என்ற சொல்லைக் கேள்வி கேட்கத் தமிழ் ரசிகருக்குத் துணிவு தந்ததுதான்.

இடம் பற்றிய வழக்கு இன்னும் முடியவில்லை. சிதம்பரம் சிற்றம்பல மேடையில் நின்று தேவாரம் பாட 2008இல் அரசாணை தேவைப்பட்டது. மார்ச் மாதம் ஆறுமுகசாமி என்ற சிவனடியார் காவல்துறைப் பாதுகாப்போடு பாடினார். தேவாரம் அந்தக் கோயிலில் ஒலிக்காமல் இருந்ததில்லை என்று தீட்சிதர் தரப்பு சொல்வதும் உண்மை. எந்தப் படியில் நின்று என்பதுதான் கேள்வி.

இனி, சிதம்பரம் எஸ். ஜெயராமன். இந்த ஊர் திரையிசைக்குக் கொடுத்த குரல், 'இசைச்சித்தர்' என்று கொண்டாடப்பட்டவர். சிதம்பரத்து இசை வேளாளர் குடும்பம், கர்நாடக இசைப் பயிற்சி. 1952இல் பராசக்தியில் காக்கைகளைப் பார்த்துப் பாடும் கேலிப் பாட்டை அவர்தான் பாடினார். 1954இல் ரத்தக்கண்ணீரில் குற்றமும் வருத்தமுமாகத் தவிப்பவனின் பாட்டு. 1957இல் புதையலில் சுசீலாவோடு கடற்கரைக் காதல் பாட்டு. 1958இல் சம்பூர்ண ராமாயணத்தில் டி.கே. பகவதியின் இராவணனுக்காக, எந்த வேளைக்கு, எந்த உணர்வுக்கு எந்த ராகம் என்று அவையோர் கேட்கக் கேட்கப் பாடிக் காட்டும் ராகமாலிகை. ராக வகைப்பாட்டை டெண்டு கொட்டகையின் தரை டிக்கெட்டு வரைக்கும் கொண்டுபோன பாடம் அது. கேலி, தத்துவம், காதல், சாஸ்திரம் என்று நான்கு வகைக்குப் போனாலும் அந்தக் குரலின் கனமும் கமகமும் மாறவில்லை. திரைப்படம் என்ற வகைதான் மாறியது. 1954இல் தூக்குத் தூக்கி வந்தபின் சிவாஜியின் குரலாக டி.எம். சௌந்தரராஜன் நிலைபெற, நடிகரின் வாய்க்குக் குரல் பொருந்த வேண்டும் என்பது சினிமாப் பாட்டின் முதல் விதியாயிற்று. ஜெயராமனைப் போன்ற தனித்த குரலுக்கு அந்த விதியில் இடம் குறைவு. அவர் பாடிய பாட்டுகளின் எண்ணிக்கை குறைந்ததற்குத் திறமைக் குறைவு காரணம் என்று நினைக்கிறவர்கள் அந்த ராகமாலிகையை ஒருமுறை கேட்க வேண்டும்.

அதே காலத்தில் வானொலி ஒரு புதிய பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டை மட்டமென்று கருதி அகில இந்திய வானொலியிலிருந்து ஒதுக்கினார். மக்கள் ரேடியோவின் முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள். கிழக்குக் கரையிலிருக்கும் நமக்கு அது தெளிவாகவே கேட்கும். 1957இல் விவித பாரதி தொடங்கி அரசு வழிக்கு வந்தது. சினிமாவும் வேண்டாம், கச்சேரியும் கனம் என்ற இடைவெளியில் வானொலி வளர்த்த வகைக்குத் தமிழில் மெல்லிசை என்று பெயர். 1963இல் விசுவநாதன், ராமமூர்த்தி இருவரும் 'மெல்லிசை மன்னர்கள்' ஆனார்கள். சினிமாவுக்கு மாற்றாக வளர்க்கப்பட்ட பெயரைச் சினிமாவே எடுத்துக்கொண்டது. கல்யாண வீட்டில் ஆர்க்கெஸ்ட்ரா வைப்பதை இன்றும் மெல்லிசைக் கச்சேரி என்றே பத்திரிகையில் அச்சிடுகிறோம்.

பெயர் வைப்பது விற்பனைக்கும் ஆகும், பிரித்து வைப்பதற்கும் ஆகும். அமெரிக்காவில் 1920களில் இசைத்தட்டுக் கம்பெனிகள் கறுப்பர் பாட்டை 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்றும் ஏழை வெள்ளையர் பாட்டை 'ஹில்பில்லி' என்றும் இரு பட்டியலாக விற்றன; ஒரே ஊரில் ஒரே பாட்டை இரு தரப்பும் பாடிய பகுதிகளிலும் அப்படித்தான். 1949இல் பில்போர்டு பத்திரிகை முதல் பெயரை 'ரிதம் அண்ட் புளூஸ்' என்று மாற்றியது. 2019இல் லில் நாஸ் எக்ஸ் என்ற கறுப்பின இளைஞரின் பாட்டு அதே பத்திரிகையின் கன்ட்ரி பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு பெரிய விவாதமானது. மஞ்சக்குப்பத்து வழக்குக்கு இது தூரத்து உறவு.

நம் பக்கம் பெயரையே கேள்வியாக்கியவர் இளையராஜா. 1985இல் சிந்து பைரவியில், சபாவில் மக்கள் பாட்டுக்கு இடம் கேட்கும் பெண் நாட்டுப்புற மெட்டில் தொடங்கித் தியாகராசர் கிருதியில் போய் முடிக்கிறாள். இரண்டையும் சாரமதி ராகம் இணைத்து நிற்கிறது. அந்தப் பாட்டுக்குச் சித்ரா தேசிய விருது பெற்றார். அடுத்த ஆண்டே மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் தியாகராசருக்கும் காணிக்கையாக ஓர் இசைத்தொகுப்பு. அதன் பெயர் 'ஹவ் டு நேம் இட்?' இதற்கு என்ன பெயர் வைப்பது என்று அட்டையிலேயே கேட்டுவிட்டார்.

அப்படியானால் பெயரே வேண்டாம், நல்ல பாட்டு கெட்ட பாட்டு என்ற இரண்டு போதும் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. கடலூர் துறைமுகத்துப் பக்கம் வலை இழுத்தவர்கள் பாடியது அம்பா. கவலையும் ஏற்றமும் இறைத்தவர்கள் பாடியது ஏற்றப்பாட்டு. நாற்றங்காலில் குனிந்த பெண்கள் பாடியது நடவுப்பாட்டு. அந்தப் பெயருக்குள் மூச்சின் நீளம் இருந்தது, இழுப்பின் கணக்கு இருந்தது. எத்தனை சால் இறைத்தோம் என்ற எண்ணும் ஏற்றப்பாட்டிலேயே ஓடியது. விசைப்படகும் பம்புசெட்டும் நடவு இயந்திரமும் வந்தபோது வேலை போனது, வேலையோடு பெயர் போனது, பெயரோடு பாட்டு போனது. இப்போது எல்லாவற்றையும் 'நாட்டுப்புறப் பாட்டு' என்ற ஒரே சாக்கில் கட்டுகிறோம். கல்லூரி விழாவில் தப்பும் தவிலும் சேர்த்து அடித்துப் பாடும் வேகப் பாட்டுக்கும் அதே பெயர்தான். வகை அழிந்தது விடுதலையாக இங்கே வரவில்லை.

ஒப்பாரி வேறு கதை. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடச் சொன்னால் கிழவிகள் பாடமாட்டார்கள், அது அபசகுனம். இவ்வளவு கட்டுப்பாடான வகையிலிருந்து கிளம்பி, 2021இல் அறிவும் தீயும் பாடி, சந்தோஷ் நாராயணன் உருவாக்கிய 'எஞ்சாயி எஞ்சாமி' உலகமெல்லாம் ஓடியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தலைமுறையின் நினைவும் ராப்பும் அதில் ஒப்பாரியோடு கலந்திருக்கின்றன. அதற்கு மூன்று ஆண்டு முன்னர் பா. இரஞ்சித்தின் நீலம் வழியாக மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' சென்னைக் கானாவையும் ராக்கையும் சேர்த்தது. சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட கானாவின் பெயரை அவர்கள் மறைக்கவில்லை. பெயரைச் சொல்லியே மேடை கேட்டார்கள். பறை விஷயத்திலும் அதுவேதான் நடந்துவருகிறது. பெயரை அழிப்பதைவிட, அதே பெயரோடு நடு மேடைக்கு வருவது வலிமையானது. மாணிக்கவாசகர் பொற்சுண்ணத்தைப் பொற்சுண்ணம் என்றே அழைத்ததை இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

கைபேசிச் செயலிகள் இப்போது வேறொரு பாட்டியலை எழுதிக்கொண்டிருக்கின்றன. பயணம், உடற்பயிற்சி, தூக்கம், காதல் தோல்வி என்று மனநிலைக்கும் வேலைக்கும் ஏற்ற பட்டியல்கள். பார்வைக்கு நம் ஏற்றப்பாட்டு, தாலாட்டு முறைக்கே திரும்பியது போலிருக்கும். ஒரு வேறுபாடு உண்டு: தாலாட்டு என்று பெயர் வைத்தவள் தொட்டிலை ஆட்டினாள். இந்தப் பட்டியலுக்குப் பெயர் வைத்தவர் யார், எந்தக் கணக்கில் ஒரு பாட்டு உள்ளே வருகிறது என்று கேட்பவருக்குத் தெரியாது. எருக்கத்தம்புலியூர்ப் பெண்ணின் பெயர் நமக்குத் தெரியாவிட்டாலும் ஊரும் குலமும் தெரியும். இங்கே அதுவும் இல்லை.

ஆகவே கடலூர், சிதம்பரம், பண்ருட்டி, விருத்தாசலம், பரங்கிப்பேட்டைப் பக்கத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பாடிய பாட்டைக் கைபேசியில் பதிவுசெய்யும்போது, அந்தப் பாட்டை அவர்கள் என்ன பெயரால் அழைத்தார்கள், எந்த வேலையில், எந்த இடத்தில் நின்று பாடினார்கள் என்பதையும் கேட்டு எழுதிவையுங்கள். 'கிராமியப் பாட்டு' என்று எழுதாதீர்கள். அவர்கள் சொன்ன பெயரை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள்.